பக்கத்திலேயே இருந்த லைன்

ஒதியம்பட்டில் யார் வீட்டில் வைஃபை நின்றாலும் முதல் போன் ரோஸி மேரிக்குத்தான் வரும். அவள் புதுச்சேரி டவுனில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறாள். எங்கெங்கோ தூர தேசத்து அலுவலகங்களில் இருக்கும் ரவுட்டர்களை இங்கே உட்கார்ந்தபடியே திறந்து, கோளாறு பார்த்துச் சரிசெய்து கொடுக்கிற வேலை. அப்பா கொத்தனார். பாலிடெக்னிக் டிப்ளமோவோடு உள்ளே போய், பொறியியல் படித்தவர்களுக்கு நடுவில் தாக்குப்பிடித்து, இன்று ஒரு குழுவையே நடத்துகிறாள். ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியும்படிதான் அவளும் இருப்பாள். கணவன் அருண் சேவியர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். "எம் பொண்டாட்டி அமெரிக்காக்காரனுக்கே நெட்டு வுட்றவ" என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்வான். அவள் அதைக் கேட்டு ஒரு நாளும் மறுத்ததில்லை.

பங்குக் கோயிலில் கேமரா வைத்துப் பூசையை நேரலையாகக் காட்ட வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, பங்குச்சாமியார் அவளைத்தான் கூப்பிட்டார். அந்தப் பங்கில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் ஆள் இருக்கிறது. திருவிழா, கல்யாணம், சாவு எதுவானாலும் அங்கிருந்து போன் போட்டு, "இன்னா நடக்குது, காட்டுங்க" என்பார்கள். செல்போனில் காட்டலாம் என்றால் கோயிலின் தடித்த சுவருக்குள் சிக்னல் நிற்காது.

கோயில் வளாகத்தில் இரண்டு இன்டர்நெட் லைன்கள் இருந்தன. சாமியார் வீட்டுக்கு வில்லியனூர் கேபிள்காரர் வீரப்பன் இழுத்துக் கொடுத்திருந்த ஃபைபர் ஒன்று. நல்ல வேகம். ஒட்டினாற்போல் இருந்த பள்ளிக்கு வேறொரு கம்பெனியின் லைன். வேகம் சுமார்தான், ஆனால் நிற்காது. ரோஸி இரண்டையும் சாமியார் வீட்டில் வைத்த ஒரே ரவுட்டரில் கொண்டுவந்து சேர்த்தாள். ரவுட்டர் பொதுவாக எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் பார்த்துத்தான் வழி அனுப்பும். யார் அனுப்புகிறார்கள் என்று பார்த்து வழியைப் பிரிக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். பாலிசி ரவுட்டிங் என்பார்கள். கேமரா கம்ப்யூட்டரிலிருந்து கிளம்புவதெல்லாம் ஃபைபரில் போகட்டும், மற்றதெல்லாம் பள்ளி லைனில் போகட்டும் என்று அவள் எழுதினாள். ஃபைபர் செத்தால் கேமராவும் தானாகப் பள்ளி லைனுக்கு மாறிக்கொள்ள வேண்டும். சாமியாரிடம் அவள் பெருமையாகச் சொன்னது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

நேரலையின் திறப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலம் அதைச் சோதித்தாள். ஃபைபர் எங்கோ ரோட்டில் அறுந்தால், சாமியார் வீட்டு மோடம் சாகாது. விளக்கெல்லாம் எரியும். கூப்பிட்டால் பதில்கூடச் சொல்லும். மோடத்துக்கு அப்பால்தான் ஒன்றும் இருக்காது. அதனால் ரவுட்டர் அவ்வப்போது தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு இயந்திரத்தைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வந்தால்தான் ஃபைபரை நம்ப வேண்டும். அந்தச் சோதனையையும் எழுதி வைத்தாள். பிறகு மோடத்தின் பின்னால் செருகியிருந்த கண்ணாடி இழையைக் கழற்றினாள். படம் மாறவில்லை, நின்றது. மறுபடி செருகி, மறுபடி கழற்றினாள். மறுபடியும் நின்றது. ஃபைபர் செத்துக் கிடக்கும்போதும் ரவுட்டர் அது உயிரோடு இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, முடிஞ்சிதா? பங்குப்பேரவைக்காரங்கல்லாம் வந்து உக்காந்துட்டாங்க" என்று சாமியார் எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சிது சாமி, சின்ன வேலதான்."

அவள் அந்தச் சோதனையை முழுவதுமாக அழித்தாள். அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு பங்கு நிர்வாகத்தைப் பார்க்கிற பேரவைக்காரர்களை வரவழைத்து, டிவியில் பீடம் தெரிய, ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் இருந்த கேபிளைப் பிடுங்கிக் காட்டினாள். கேபிள் போனதும் ரவுட்டருக்கு அந்தப் பக்கம் வழியே இல்லை என்று தெரிந்துவிடும், உடனே மாறிவிடும். படம் ஒருமுறை சிமிட்டிவிட்டு மறுபடி ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். இது சுலபமான சோதனை, உண்மையில் வரப்போகும் கோளாறு இப்படி வராது என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மறுநாள் பூசை முடிவில் சாமியார் அவள் பேரைச் சொல்லிப் பாராட்டி, பீடத்துக்கு முன்னால் அழைத்துச் சால்வை போட்டார். சால்வையோடு எடுத்த போட்டோவை அருண் சேவியர் பட்டறைச் சுவரில் மாட்டினான்.

அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் வந்தது, தவக்காலம் வந்தது, ஈஸ்டர் வந்தது. படம் ஒரு நாளும் நிற்கவில்லை. அந்த மீதி வேலை அவள் நினைவிலிருந்தே போய்விட்டது.

ஜூனில் மதலேனம்மாள் இறந்துபோனாள். எண்பதை எட்டிய அம்மா, கொஞ்ச நாளாகவே படுக்கையில் இருந்தவள். மகள் லூசியும் மருமகன் மரியசுந்தரமும் வைத்துப் பார்த்தார்கள். ஒரே மகன் டேவிட் ராஜ் பாரிசுக்குப் பக்கத்தில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். அங்கே தங்குவதற்கான அவருடைய கார்டு புதுப்பிக்கக் கொடுத்துக் கைக்கு வராமல் கிடந்தது. அது இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பெண்டாட்டி, பிள்ளைகள், வேலை எல்லாம் அங்கே. வர முடியவில்லை.

அடக்கத்தன்று காலையில் அவரே ரோஸிக்குப் போன் செய்தார்.

"ரோஸி, ஒன்னத்தான்மா நம்பிக்கினு இருக்கேன். வூட்ல செல்லுல காட்னது ஒண்ணும் சரியா தெரில. பெட்டிய மூட்றதுக்கு முன்ன அம்மா மொகத்த ஒரு வாட்டி நல்லா பாத்துட்றேன். அது போதும் எனக்கு."

"நீங்க கவலையே படாதீங்கண்ணா. ஒரு லைன் போனா இன்னொரு லைன் இருக்குது. படம் நிக்கவே நிக்காது."

அவள் அதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. உண்மையென்று நம்பித்தான் சொன்னாள்.

சாயங்காலப் பூசை. கோயில் நிறைந்திருந்தது. ரோஸி பாடகர் மாடத்தில் கேமராவோடும் கம்ப்யூட்டரோடும் உட்கார்ந்திருந்தாள். பிரசங்கம் நடக்கும்போது படம் உறைந்தது. முதலில் கம்ப்யூட்டர்தான் மக்கர் செய்கிறது என்று நினைத்தாள். நிரலை மூடித் திறந்தாள். பிறகு கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். அதனால் அதுவரை உள்ளே பதிவாகிக்கொண்டிருந்ததும் அறுந்துபோனது. கேபிளை மாற்றினாள். சிக்னல் எட்டிப் பார்த்தபோதெல்லாம் செல்லில் டேவிட் ராஜிடமிருந்து செய்திகள் வந்து குவிந்தன. படம் வரல. படம் வரல ரோஸி. இன்னா ஆச்சு. மாடத்தின் ஜன்னல் ஓரமாகப் போய் நின்று வீரப்பனைக் கூப்பிட்டாள்.

"வாய்க்கா தூர் வார்றதுக்கு ஜேசிபி வந்துதும்மா. ரோட்டோரமா போன ஒயர அறுத்து வுட்டுட்டான். ஆள் அனுப்பிட்டேன், ஒட்டிக்கினு இருக்கறாங்க. கொஞ்சம் நேரம் குடும்மா."

அதைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. அப்பாடா, நம்மிடம் கோளாறு இல்லை. இன்னொரு லைனுக்கு ஏன் மாறவில்லை என்ற கேள்வி அந்த நிமிஷம் அவளுக்கு எழவே இல்லை. அதுவும் சேர்ந்து போயிருக்கும் என்று மனம் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து, எதையெதையோ தட்டினாள். கீழே லூசி பெரிய குரலெடுத்து அழுவது கேட்டது. பிறகு மூடியை வைத்துத் திருகும் சத்தம். ரோஸி நிமிர்ந்தபோது பெட்டியைத் தோளில் ஏற்றியிருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, வாசலில் வீரப்பன் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு, நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் மரியசுந்தரம் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"பெத்த புள்ள ஆத்தா மொகத்தப் பாக்காத பூட்டான்டா! உன் ஓட்ட ஒயர நம்புனதுக்கு இதான் நீ குடுத்தது! இன்னா மூஞ்ச வெச்சிக்கினு இங்க வந்து நிக்கற?"

"அண்ணே, ஜேசிபிக்காரன்..."

"எவனா இருந்தா எனக்கு இன்னா? காசு வாங்கறல்ல?"

யாரோ விலக்கிவிட்டார்கள். மரியசுந்தரம் மூச்சு வாங்க ரோஸி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா, ஒயர்தான அறுந்துது?"

"ஆமா மாமா. ஃபைபர் கட்டுதான்" என்றாள் ரோஸி.

வீரப்பன் பிய்ந்து தொங்கிய பட்டனைப் பிடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பைக்கை உதைத்துக் கிளப்பிப் போனார். கூட்டத்தில் இருந்த பெண்கள் ரோஸியின் தோளைத் தட்டி, "நீ இன்னா பண்ணுவ பாவம், ஒன்னால ஆனத செஞ்ச" என்றார்கள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனாள். ஃபைபர் திரும்பி வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் போனாள். போகிற வழியில் பள்ளி அலுவலகத்தில் கிளார்க் கல்பனா கூப்பிட்டு, "பாவம்டி லூசியக்கா" என்று ஆரம்பித்தாள். பேச்சோடு பேச்சாக ரோஸி கேட்டாள்.

"உங்களுக்கும் நேத்து சாயங்காலம் நெட்டு போய்டுச்சில்ல?"

"எங்களுக்கா? இல்லியே. புதுசா சேர்ற புள்ளைங்க வெவரம்லாம் ஏத்திக்கினு இருந்தேன். நேத்து வழக்கத்த வுட நல்லாவே ஓடுச்சி."

கல்பனா அதற்குப் பிறகு என்ன சொன்னாள் என்பது ரோஸிக்குத் தெரியாது.

சாமியார் வீட்டுக்குப் போய் ரவுட்டரைத் திறந்து பார்த்தாள். கேமராவுக்காக அவள் எழுதிய விதிக்கு எதிரே, அது எத்தனை முறை செயல்பட்டது என்று ஒரு எண் இருக்கும். அந்த எண் நேற்று பூசை நேரம் முழுக்க ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கோளாறு ஒன்றும் இல்லை. கேமரா அனுப்பிய ஒவ்வொரு துணுக்கையும் ரவுட்டர் அவள் சொன்னபடியே வாங்கி, அவள் சொன்னபடியே செத்துப்போன ஃபைபருக்குள் தள்ளியிருக்கிறது. மோடம் பதில் சொன்னதால் அதற்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகப்படச் சொல்லும் வரியை அவள்தான் அழித்திருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் பள்ளி லைன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவுக்கு முந்தின அந்தச் சாயங்காலம் அப்போதுதான் அவளுக்கு முழுசாக ஞாபகம் வந்தது. கண்ணாடி இழையைக் கழற்றியது, படம் நின்றது, சாமியார் எட்டிப் பார்த்தது, பிறகு கேபிளைப் பிடுங்கிக் கைதட்டு வாங்கியது.

அவள் முதலில் செய்தது, அதைச் சரிசெய்ததுதான். வேலையில் இறங்கிவிட்டால் வேறெதையும் நினைக்க வேண்டாம். சோதனையை மறுபடி எழுதினாள். இழையைக் கழற்றினாள். போன தடவை போலவே ஃபைபர் உயிரோடு இருப்பதாகவே ரவுட்டர் சொன்னது. இந்த முறை விடவில்லை. அந்தச் சோதனைக் கேள்வி எந்த வழியாகப் போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தாள். பள்ளி லைன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுதிய விதி, கேமராவைப் போல ரவுட்டருக்குள் நுழைந்து வெளியே போகிறவற்றுக்கு மட்டும்தான். ரவுட்டர் தானே எழுப்பும் கேள்விக்கு அது பொருந்தாது. கேள்வி நல்ல லைனில் போய், நல்ல பதிலை வாங்கி வந்து, செத்த லைனுக்குச் சான்று கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தூரத்து இயந்திரத்துக்குப் போவதானால் ஃபைபர் வழியாக மட்டுமே போக வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். இழையைக் கழற்றினாள். படம் கொஞ்சம் தயங்கி, பள்ளி லைனுக்கு மாறி, ஓடியது.

மொத்தமும் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான். கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதே வரியை அவள்தான் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறாள். டிவியில் ஆளில்லாத பீடமும், நேற்றைய பூக்கள் வாடிக்கிடந்த படியும் தெளிவாகத் தெரிந்தன. அதைப் பார்க்க முடியாமல் டிவியை அணைத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நினைத்து அருண் சேவியரிடம் ஒருநாள் ஆரம்பித்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, "அந்த வீரப்பன் லைன நாமளும் கழட்டிட்லாம் ரோஸி. கோயில் தெருவுல நெறைய பேரு மாத்திக்கினு இருக்காங்க, மரியசுந்தரம் மாமா ஒருத்தர வுடாம சொல்லிக்கினு இருக்காரு" என்றான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். லைனைக் கழற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, எழுந்து கை கழுவப் போனாள்.

கோயில் தெருவில் வேறு கம்பெனிக்காரன் ஏணி போட்டு ஒயர் இழுப்பதை வேலைக்குப் போகும்போது ஸ்கூட்டரிலிருந்து பார்த்தாள். மறுநாள் இன்னொரு வீட்டின் முன்னால் ஏணி. அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டு, வயலோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். சுற்றிப் போகிறோம் என்பதே அவளைக் குத்தியது. மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக்கூடாது என்று, ஞாயிறு பூசையில் எழுந்து போகாமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ வயிற்றுவலி என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் ஒரு நாள், ஆபீசிலிருந்து திரும்பும்போது வில்லியனூரில் ஸ்கூட்டரை நிறுத்தி, வீரப்பனுடைய கடைக்குப் போனாள். குறுகலான அறை. சுருள் சுருளாக ஒயர் தொங்கியது. வீரப்பன் ஒரு பழைய மோடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். லைன் அறுந்தது உண்மை, ஆனால் அறுந்தாலும் படம் நின்றிருக்கக்கூடாது, நின்றதற்குக் காரணம் தான்தான், திறப்பு விழாவுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

வீரப்பன் துணியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கி என் சட்டையப் புடிச்சாரே, அப்போ நீ அங்கதான நின்ன?"

"நின்னேண்ணே."

"அப்போ தெரியுமா ஒனக்கு?"

"அப்போ தோணலண்ணே. மறுநாள்தான் பாத்தேன்."

"மறுநாள்லேர்ந்து இன்னிக்கி வரைக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"திட்டு வாங்கறது எனக்குப் புதுசில்லம்மா" என்றார் வீரப்பன். குரல் உயரவில்லை. "காத்தடிச்சா திட்டு, கரன்ட் போனா திட்டு. ஆனா சாவுக்கு வந்த எடத்துல வெச்சி சட்டையப் புடிச்சதில்ல எவனும். எம் பொண்ணு அந்தத் தெருவுல தையல் கத்துக்கப் போய்க்கினு இருந்தா. இப்ப போவல. எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்? புடிச்சவங்ககிட்ட போய்ச் சொல்லு."

"சொல்றேண்ணே."

"சொல்லு" என்று மறுபடி துணியை எடுத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து லூசி வீட்டில் சாப்பாடு. ரோஸி போனபோது உறவுக்காரர்கள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் சாய்த்து வைத்திருந்த செல்லில் டேவிட் ராஜ் இருந்தார். பின்னால் ஒரு ஜன்னலும், மழை பெய்கிற வெளிச்சமும் தெரிந்தன.

"லூசியக்கா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ரோஸி ஆரம்பித்தாள். வரும் வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் வாய்க்குள் உருண்டன. விதி, சோதனை, இரண்டாவது லைன் என்று சொல்லிக்கொண்டு போனாள். பாதியிலேயே மரியசுந்தரம் கையை ஆட்டினார்.

"வுடும்மா. மிஷினுன்னா அப்பிடித்தான். நீயே ஏன் போட்டுக் கொழப்பிக்கற? உக்காந்து சாப்புடு."

"ஆமாண்டி, நீ இன்னா வேணும்னா செஞ்ச?" என்றாள் லூசி. இலையை எடுத்து அவள் முன்னால் விரித்தும் விட்டாள்.

அந்த இடத்தில் ரோஸி நிறுத்தியிருக்கலாம். யாருக்கும் புரியவில்லை. புரியாததாலேயே மன்னித்துவிட்டார்கள். அவள் சொல்லிவிட்டாள் என்றும் ஆகிவிடும். இலை முன்னால் இருந்தது. ஒரு கணம் உட்காரக்கூடக் குனிந்தாள்.

"மிஷின் தப்பு இல்ல மாமா" என்று நிமிர்ந்தாள். "அது சரியா வேல செய்லன்னு எனக்கு மொதல்லியே தெரியும். கண்ணால பாத்தேன். சாமியும் பேரவைக்காரங்களும் காத்துக்கினு இருக்காங்கன்னு, அத மறச்சிட்டு, வேற ஒண்ண செஞ்சி காட்டிக் கைதட்டு வாங்கிக்கினேன். ஸ்கூல் லைன் அன்னிக்கி நல்லாத்தான் இருந்துது. வீரப்பண்ணன் மேல தப்பில்ல. நீங்க என்ன கேட்டப்போ ஃபைபர்தான்னு சொன்னேன். அதுக்கப்பறம் தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

லூசி கையில் பிடித்திருந்த சாம்பார் கரண்டியை மெதுவாக வாளிக்குள் வைத்தாள். மரியசுந்தரத்தின் முகம் சிவந்தது. அது ரோஸிமேல் வந்த கோபமா, அன்று அவர் செய்ததை நினைத்தா என்று தெரியவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

செல்லிலிருந்து டேவிட் ராஜின் குரல் வந்தது.

"அப்போ நல்ல லைன் பக்கத்துலயே இருந்துது."

"ஆமாண்ணா."

"நாங்க லிஃப்ட்ட பாத்துட்டு, சரியா நிக்குதான்னு ஆள் ஏறாத ஓட்டிப் பாப்போம். பாக்காத வுட்டா வேலைய வுட்டு அனுப்பிடுவான்." பிறகு கேட்டார். "சரி. நீ மேல மாடத்துலதான இருந்த? அங்கேர்ந்து எல்லாம் தெரியும். நீயாவது சொல்லு. அம்மாவுக்கு இன்னா பொடவ கட்டி இருந்தாங்க? மூட்றப்போ மொகம் எப்பிடி இருந்துது?"

லூசி சொல்லியிருப்பாள். எத்தனையோ முறை சொல்லியிருப்பாள். ஆனால் அவர் ரோஸியைக் கேட்டார்.

"நான் பாக்கலண்ணா" என்றாள். "குனிஞ்சி கம்ப்யூட்டரத் தட்டிக்கினு இருந்தேன். நிமிந்து பாக்கறப்போ மூடிட்டாங்க."

டேவிட் ராஜ் தலையை ஆட்டினார். பிறகு படம் அணைந்தது. இந்த முறை லைன் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. ரோஸி இலையைத் தாண்டி வெளியே வந்து, செருப்பைத் தேடி எடுக்க முடியாமல் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

சாமியாரிடமும் போனாள். பீடத்திலிருந்து பாராட்டியது போல அங்கிருந்தே உண்மையையும் சொல்லிவிடும்படி கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "அவமானப்படுத்துற எடமாம்மா அது?" என்றார். அடுத்த ஞாயிறு அறிவிப்புகளுக்கு நடுவில், அன்று நேரலை நின்றதற்குக் காரணம் கோயிலின் ஏற்பாட்டில் இருந்த குறைதான், கேபிள்காரர் அல்ல என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, நடக்கப்போகும் கல்யாணங்களை அறிவிக்கும் திருமண ஓலைகளை வாசிக்கப் போய்விட்டார். அவள் பேர் வரவில்லை. பேர் வரவில்லை என்றதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

ஊருக்குள் விஷயம் எப்படியும் பரவியது. வைஃபை பார்க்கக் கூப்பிடுவது கொஞ்ச நாள் நின்றது. பட்டறையில் இருந்த போட்டோவை அவளே கழற்றி எடுத்து வந்தாள். அருண் சேவியர் அமெரிக்காக்காரன் பேச்சை விட்டுவிட்டான். வீரப்பனை விட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. மரியசுந்தரம் வீரப்பனிடம் போய் மன்னிப்புக் கேட்டாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் லூசி வீட்டுக்கு மறுபடி வீரப்பனின் லைன்தான் வந்தது. அதை இழுக்க அவரே நேரில் வந்திருந்தார்.

நவம்பரில் கார்டு கைக்கு வந்து, டேவிட் ராஜ் கல்லறைத் திருநாளுக்கு வந்து சேர்ந்தார். அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்திப் பூவும் மெழுகுவத்தியுமாக இருந்தது. மழை தூறி ஓய்ந்து, மண் பிசுபிசுத்தது. மாமனார் கல்லறையில் வத்தி ஏற்றிக்கொண்டிருந்த ரோஸி, நாலைந்து கல்லறைகள் தள்ளி அவர் நிற்பதைப் பார்த்தாள். போனில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாமலே வெளியேறப் பார்த்தாள்.

"ரோஸி" என்று அவர் கூப்பிட்டார்.

போய் நின்றாள். மதலேனம்மாளின் சிலுவைக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி எங்க வூட்ல இருவது பேருக்கு மேல வந்து உக்காந்து இருந்தாங்க" என்றார் அவர். "பெரிய டிவில போட்டு வெச்சிருந்தோம். கடைசியா எந்த எடத்துல நின்னுதுன்னு தெரியுமா ஒனக்கு? பெட்டிய கிட்டக் காட்டிக்கினு இருந்த, குறுக்க லூசி வூட்டுக்காரர் முதுகு. டிவி முழுக்க அவரு முதுகுதான். வந்துடும் வந்துடும்னு நாங்கல்லாம் அதையே பாத்துக்கினு உக்காந்திருந்தோம். எம் பொண்டாட்டி ஜெபமாலையே ஆரம்பிச்சிட்டா அந்த முதுகப் பாத்து."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார். ரோஸிக்குச் சிரிக்க முடியவில்லை. அழுவதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

"மன்னிச்சிடுங்கண்ணா" என்றாள்.

"இந்த வத்தி நிக்க மாட்டேங்குது பாரு, மண்ணு ஈரமா இருக்குது" என்றார். அவள் உட்கார்ந்து, கைவிரலால் மண்ணைக் குழைத்துக் கூட்டி, வத்தியின் அடியில் அழுத்தி வைத்தாள். காற்றுக்குச் சுடர் சாய்ந்தது. அவரும் உட்கார்ந்து கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தார். அவர் அந்தக் கல்லறைக்கு வரும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.